மிகச் சிறிய ட்ரெட்நாட்

பிரிட்டிஷ் கடற்படை 1906-இல் 'ட்ரெட்நாட்' என்னும் யுத்தக் கப்பலைக் கடலில் இறக்கி, பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் பத்தை அதன்மீது ஏற்றி, பல ரகப் பீரங்கிகளைக் கலந்து சுமந்த முந்தைய கப்பல்களையெல்லாம் பழஞ்சரக்காக்கிவிட்ட பிறகு, கடற்கரை உள்ள தேசங்கள் பலவற்றுக்கும் அவ்வகைக் கப்பல் வேண்டுமென்ற ஆசை தொற்றிக்கொண்டது. 1898-இல் அமெரிக்காவோடு பொருதித் தன் கப்பல்களையும் கியூபாவையும் பிலிப்பைன்ஸையும் பறிகொடுத்திருந்த ஸ்பெயின், 1908-இல் சட்டமியற்றி மூன்று ட்ரெட்நாட்டுகளை நிர்மாணிக்கத் துணிந்தபோது, பகைவனின் பலத்தை அளப்பதற்கு முன்னால் தன் கப்பல் துறைகளின் விஸ்தாரத்தையும் கஜானாவின் ஆழத்தையும் அளக்க வேண்டியிருந்தது. அதன் பலனே, சுமார் 15,700 டன் எடையும் 140 மீட்டர் நீளமுமாக, உலகத்து ட்ரெட்நாட்டுகளில் மிகச் சிறியனவாக அமைந்த 'எஸ்பான்யா' வகைக் கப்பல்கள்.

இவற்றின் அமைப்பில்தான் சுவாரசியம் இருக்கிறது. பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் எட்டை இரண்டிரண்டாக நான்கு சுழல்மேடைகளில் வைத்த சிற்பிகள், முன்னொன்றும் பின்னொன்றும் போக, எஞ்சிய இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக, நேருக்கு நேர் வராமல் சற்று முன்பின்னாக நிறுத்தினார்கள்; எந்தப் பக்கத்தில் எதிரி வந்தாலும் எட்டுக் குழாய்களும் அவனை நோக்கித் திரும்பும் என்பது யுக்தி. காகிதத்தில் அழகான யுக்திதான். ஆனால் மேல்தளத்தின் குறுக்கே சுட்டால் பீரங்கியின் வெடியதிர்ச்சி சொந்தத் தளத்தையே சேதப்படுத்தும். எடையைக் குறைக்க வேண்டிப் பக்கக் கவசத்தையும், பிரிட்டிஷ் கப்பலின் பதினொரு அங்குலத்துக்கு எதிரே, எட்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றும் ஸ்பெயினின் பெரோல் துறையில் உருவாயின. முதற்கப்பல் 1913-இல் முடிந்தது. உலக யுத்தத்தினால் பிரிட்டனிலிருந்து வர வேண்டிய சாமான்கள் தடைப்படவே, மூன்றாவதான 'ஹைமே முதலாமவர்' 1921 வரை காத்துக் கிடந்தது. அதற்குள் பிற தேசத்தார் பதினைந்து அங்குலப் பீரங்கிகளுக்குப் போய்விட்டார்கள்.

இத்தனை யோசனையுடன் கவசம் பூட்டிய மூன்றில் ஒன்றும் எதிரிக் கப்பலின் குண்டினால் அழியவில்லை. 'எஸ்பான்யா' 1923-இல் மூடுபனியில் மொராக்கோக் கரைப் பாறையில் ஏறிற்று. இரண்டாவதான 'அல்போன்ஸோ பதின்மூன்றாமவர்', மன்னராட்சி போனபின் 'எஸ்பான்யா' என்ற அதே பெயரைச் சூடி, உள்நாட்டு யுத்தத்தின்போது 1937 ஏப்ரலில் ஸன்தாந்தேர் அருகே தன் கட்சியார் மிதக்கவிட்ட கண்ணிவெடியிலேயே மோதி மூழ்கிற்று. அவ்வாண்டு ஜூனில் கார்த்தகேனா துறைமுகத்தில் உள்வெடிப்பால் சிதைந்த 'ஹைமே'யின் பீரங்கிகள் சில, பின்னாளில் ஜிப்ரால்டர் ஜலசந்திக் கரையில் காவல் பீரங்கிகளாக நிறுத்தப்பட்டன.