கடலுக்குப் போகும் ஜி.பி.எஸ். கருவி: விற்பவர் கவனிக்க வேண்டியவை

கடற்கரை ஊர்களில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர்களின் வியாபாரம் அரிசி, பருப்போடு நிற்பதில்லை. கயிறு, டார்ச் லைட், பென்சில் செல், தண்ணீர் கேன் என்று படகுக்கு வேண்டியவையும் நம் கடைகளிலிருந்தே போகின்றன. கையடக்க ஜி.பி.எஸ். கருவியையும் "நல்லதாக ஒன்று வரவழைத்துக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர்கள் நம்மிடமே கேட்கிறார்கள். இது நமக்குப் பழகிய சரக்கு அல்ல. பொருந்தாத கருவியைக் கொடுத்தால் படகு டீசலை எரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். நம் கடை நிலுவையும் அப்படியே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது உயிரைப் பற்றிய விஷயம். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நாம் நாலு விவரம் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

எப்படி வேலை செய்கிறது?

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலைக் கருவி வாங்கிக்கொள்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். இதற்கு டெலிபோன் டவரும் வேண்டாம், மாதக் கட்டணமும் இல்லை. பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த காலத்தில் 100 மீட்டர் வரை பிசகு வந்தது. 2000 மே மாதம் அந்தத் தடை நீங்கிய பிறகு, மறைப்பில்லாத கடலில் சாதாரணக் கருவியே பத்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டுகிறது.

ஆகவே இடம் காட்டுவதில் விலை குறைந்த கருவிக்கும் கூடிய கருவிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தண்ணீரிலும், செல்லிலும், திரையிலும்தான் இருக்கிறது. பணம் கொடுக்க வேண்டியதும் அவற்றுக்குத்தான்.

பார்த்து வாங்க வேண்டியவை

1. தண்ணீர்: பெட்டியில் 'ஐ.பி.எக்ஸ். 7' என்று இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது என்று பொருள். மிதக்கும் என்று பொருள் அல்ல. கார்மின் நிறுவனத்தின் ஜி.பி.எஸ். மேப் 78, 79 வரிசைக் கருவிகள் மிதப்பவை. அதே நிறுவனத்தின் இட்ரெக்ஸ் தண்ணீரைத் தாங்கும், ஆனால் கைதவறினால் மூழ்கிவிடும். மலையேறுபவருக்கு அது போதும். படகுக்கு வாங்கினால் கயிறும் மிதவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

2. செல்: டைனமோ இல்லாத சிறு படகுக்கு, சாதாரண பென்சில் செல் போடும் கருவியே நல்லது. செல் தீர்ந்தால் நடுக்கடலில் மாற்றிக்கொள்ளலாம். மலிவான செல் சீக்கிரம் இறங்கிவிடும். ஆல்கலைன் செல் கொடுங்கள். மாற்று ஜோடி ஒன்று பிளாஸ்டிக் டப்பாவில் கூடப் போகட்டும்.

3. திரையும் பொத்தானும்: உச்சி வெயிலில் எண்கள் தெரிய வேண்டும். ஈரக் கையால் தொடுதிரையை இயக்குவது சிரமம். பொத்தான் வைத்த கருவியே வசதி. செல்போனும் டவர் இல்லாமல் இடம் காட்டும் என்றாலும், இந்தக் காரணங்களால் அதை மட்டும் நம்பிப் போவது சரியல்ல.

4. ஆள் விழுந்தால்: கடலுக்கென்று செய்த பல கருவிகளில் 'எம்.ஓ.பி.' என்ற வசதி உண்டு. ஒருவர் தவறி விழுந்த கணத்தில் அதை அழுத்தினால், அந்த இடத்தைப் பதிவு செய்து அங்கே திரும்ப வழி காட்டும். விற்கும்போதே இதைச் செய்து காட்டிவிடுங்கள்.

எண்களில் வரும் குழப்பம்

ஒரு மினிட் அட்சரேகை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 10 டிகிரி 46.50 மினிட் என்றால் 46 மினிட் 30 செகண்ட். அதை 46 மினிட் 50 செகண்ட் என்று எழுதிக்கொண்டால் படகு 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும். வலை பாரில் சிக்கினாலும் சிக்கும். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடும் இடங்களை இத்தகைய எண்களோடுதான் அறிவிக்கிறது. ஒரே ஊர்ப் படகுகள் எல்லாம் ஒரே முறையில் கருவியை வைத்துக்கொள்வது நல்லது.

கருவி செய்யாதவை

1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லையைக் கருவி தானாகவே எச்சரிக்கும் என்று எண்ண வேண்டாம். எல்லைப் புள்ளிகளை ஏற்றி, எச்சரிக்கை மணியையும் இயக்கி வைக்க வேண்டும். மீன்வளத் துறையிடம் சரியான எண்களைக் கேட்டு வாங்குவதே முறை. அடுத்து, கருவி நேர்கோட்டில்தான் வழி காட்டும். குறுக்கே பாறை இருப்பது அதற்குத் தெரியாது. திசைமானி இல்லாத மாடல்கள் படகு ஓடும்போது மட்டுமே திசை சொல்லும். எனவே காந்தத் திசைகாட்டியும் படகில் இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை நமக்கே. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். நம் நாட்டில் அவற்றை வைத்திருக்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி தேவை. பெட்டியைப் படித்துப் பார்க்காமல் வாங்கி அடுக்க வேண்டாம்.

விற்கும் நாளில்

பெட்டியைப் பிரித்து, செல் போட்டு, வாடிக்கையாளரோடு வெட்டவெளியில் நில்லுங்கள். முதல் தடவை இடம் காட்டச் சில நிமிடங்கள் ஆகலாம். துறைமுக முகத்துவாரத்தைப் பதிவு செய்யும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஆபத்தில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலோ, வி.எச்.எப். 16-ஆம் சேனலிலோ, திரையில் தெரியும் எண்களைப் படித்துச் சொல்ல அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். பில்லில் சீரியல் நம்பரைக் குறித்துக் கொடுங்கள். கேரண்டிக்கு அதுவே ஆதாரம்.

இதற்கெல்லாம் அரைமணி நேரம் ஆகும். இதில் நமக்கு நிற்கும் லாபம் சொற்பமாக இருக்கலாம். ஆனால் நம் கடை அரிசியை ஏற்றிக்கொண்டு போன படகு பத்திரமாகக் கரை திரும்ப வேண்டும். அந்த அரைமணியை நாம் கணக்குப் பார்க்கலாகாது.