பாக்கெட்ல நூறு ரூபா... பக்கத்துல ஒரு மலை!

குரூப்ல கொடைக்கானல் டிரிப் பிளான் ஓடுது. ஆளுக்கு ரெண்டாயிரம். 'வீட்ல விசேஷம்டா, நான் வரல'ன்னு நைஸா கழண்டுக்கறீங்க. ஆனா, வீட்ல எந்த விசேஷமும் இல்லை. அப்பாவுக்கு ரெண்டு மாசமா வேலை சரியா இல்லை. செமஸ்டர் ஃபீஸுக்கே கடன். இதை எப்படி வெளியில சொல்றது?

தைரியமா சொல்லுங்க பாஸ்! 'காசு இல்லை மச்சி, பக்கத்துல எங்கயாவது போவோம்.' சொல்லிப் பாருங்க, 'அப்பாடா'ன்னு மூச்சு விடற இன்னும் ரெண்டு பேர் அதே குரூப்ல இருப்பாங்க.

பக்கத்துலன்னா எங்கே? மதுரைக்காரங்களுக்கு ஒரு ரூட் ரெடி. ஊர்ல இருந்து 15 கிலோமீட்டருக்குள்ள கீழக்குயில்குடி, சமணர் மலை. டவுன் பஸ் போதும். பொண்ணுங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல 2021-ல இருந்து டிக்கெட்டே கிடையாது!

அடிவாரத்துல தாமரைக் குளம், ஆலமர நிழல், அய்யனார் கோயில். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி படியேறுங்க. பேச்சிப்பள்ளத்துல பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலின்னு வரிசையா எட்டு சிற்பங்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசு. கீழே வட்டெழுத்து. தமிழ்தான்... ஆனா ஒரு எழுத்துகூட நமக்கு ஓடாது! சிற்பத்தைச் செய்யச் சொன்னவங்க பேரு அதுல இருக்கு. அவங்க செதுக்கினது போதும், உங்க பேரையும் ஹார்ட்டினையும் பக்கத்துல கிறுக்கி வைக்காதீங்க, ப்ளீஸ். இறங்கினதும் செட்டிப்புடவு குகைக்கும் போங்க. சிங்கத்து மேல உக்காந்து யானை வீரனோட சண்டை போடற ஒரு அம்மன் உள்ளே இருக்காங்க.

மத்தியானம் மரத்தடியில அவங்கவங்க டிபன் பாக்ஸைத் திறங்க. ஒரு வீட்டு புளிசாதம், இன்னொரு வீட்டு தயிர்சாதம், யாரோ கொண்டுவந்த மாங்கா ஊறுகா... எந்த ஹோட்டல்ல கிடைக்கும்?

திரும்பும்போது காந்தி மியூசியம். 1959-ல திறந்தது, ராணி மங்கம்மாள் அரண்மனையில இருக்கு. கட்டணம் இல்லை. காந்தி சுடப்பட்டப்போ உடுத்தியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி முன்னாடி, குரூப்லயே பெரிய வாயாடிகூட கப்சிப் ஆயிடுவான். லீவு நாளை மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்குங்க.

மதுரை இல்லையா? உங்க ஊரைச் சுத்தியும் ஒரு மலையோ ஏரியோ கோட்டையோ இருக்கும். 'இங்கதானே இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்'னு இத்தனை வருஷம் தள்ளிப் போட்டிருப்பீங்க.

கொடைக்கானல் எங்கேயும் ஓடிடாது, வேலைக்குப் போய் சொந்தக் காசுல போகலாம். இந்த ஞாயித்துக்கிழமை முக்கியம் ஒண்ணுதான்: காசில்லைங்கறதுக்காக யாரும் பொய் சொல்லிட்டு வீட்ல தனியா உக்காந்திருக்கக் கூடாது!