அரசு வேறு, அரசாங்கம் வேறு

"காணியைத் தந்ததும் கவுண்மேந்து, எடுத்ததும் கவுண்மேந்து. நாங்கள் என்ன செய்யிறது?" இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் மத்தியில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கிராம அலுவலர், பிரதேச செயலாளர், அமைச்சர், இராணுவம், நீதிமன்றம் எல்லாவற்றையும் இந்த ஒரு சொல்லுக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். அதனால் எதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைந்து களைத்துத் திரும்புகிறோம். அரசியலின் சில அடிப்படைச் சொற்களைப் பிரித்து அறிந்துகொண்டால், தட்ட வேண்டிய கதவு எது என்பதாவது தெளிவாகும்.

குளத்தடியில் கற்ற பாடம்

இவை எமக்கு முற்றிலும் புதியவை அல்ல. போகம் தொடங்கு முன் பெருங்குளங்களின் கீழ் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகிறது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று அங்கே தீர்மானிக்கிறோம். இது சட்டம் இயற்றும் வேலை. அத்தீர்மானப்படி வாய்க்காலில் நீர் பங்கிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். கிழக்கில் அவரை வட்டவிதானை என்பார்கள். இது நிறைவேற்றும் வேலை. இரவில் ஒருவர் மடையை வெட்டிவிட்டார் என்று பிணக்கு வந்தால், இரு பக்கமும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். இது நீதி வழங்கும் வேலை.

தண்ணீர் பங்கிடுபவரே விதியையும் மாற்றி, தன்மீது வந்த முறைப்பாட்டையும் தானே விசாரித்தால், வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவருக்கு நீர் வந்து சேருமா? நாட்டிலும் மூன்று வேலைகளும் மூவரிடம் பிரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். 225 உறுப்பினர்களைக் கொண்ட நாடாளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. சனாதிபதியும் அமைச்சரவையும், அவர்களின் கீழுள்ள உத்தியோகத்தர்களும் படையினரும் நிறைவேற்றுத் துறையைச் சேர்ந்தவர்கள். பிணக்குகளை நீதிமன்றங்கள் தீர்க்கின்றன. இந்த அதிகாரங்களின் ஊற்று எது? இறைமை மக்களிடமே உள்ளது, அதைப் பிறருக்குக் கைமாற்ற முடியாது என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை சொல்கிறது. மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரின் அதிகாரம் அவருடைய சொந்தச் சொத்து அல்ல, ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு.

மாறுவதும் மாறாததும்

நிலப்பரப்பு, மக்கள், அரசாங்கம், இறைமை ஆகிய நான்கும் சேர்ந்ததே அரசு. அரசாங்கம் அதில் ஒன்று மட்டுமே. குறித்த காலத்துக்கு அதிகாரத்தை நடத்தும் குழு. 1994, 2015, 2024 ஆகிய ஆண்டுகளில் வாக்குகளால் ஆட்சி கைமாறியது. ஆனால் அரசு தொடர்ந்தது. அதன் கடமைகளும் தொடர்ந்தன.

இந்த வேறுபாடு எமது வயலோடு சம்பந்தப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தகப்பனார் பெற்ற அனுமதிப்பத்திரம், அன்று ஆட்சியிலிருந்த கட்சி கொடுத்த பரிசு அல்ல, அரசு கொடுத்தது. அதை இரத்துச் செய்வதற்கும் அச்சட்டத்திலேயே முறை உண்டு: எழுத்தில் அறிவித்தல் தரவேண்டும், விளக்கம் கேட்டு விசாரிக்க வேண்டும். "உங்கட பெர்மிட் இப்ப செல்லாது" என்று ஒருவர் வாயால் சொல்வதோடு காரியம் முடிந்துவிடாது.

வலிகாமம் வடக்கைப் பாருங்கள். 1990இல் அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. இது நிறைவேற்றுத் துறையின் செயல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். அவர்கள் தட்டியது இன்னொரு துறையின் கதவை. 2015இல் ஆட்சி மாறிய பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன, முழுவதும் அல்ல. வழக்கு, வாக்கு, ஓயாத கோரிக்கை மூன்றும் தேவைப்பட்டன. அத்தனை இடப்பெயர்விலும் உறுதியைத் துணியில் சுற்றிக் காத்தவர்கள் தமது உரித்தைக் காட்டக்கூடியவர்களாய் இருந்தார்கள்.

சபையும் செயலகமும்

பிரதேச சபை, பிரதேச செயலகம் என்ற இரண்டும் பெயரில் ஒத்திருப்பதால் பலர் மயங்குகிறார்கள். பிரதேச சபை நாம் வாக்களித்துத் தெரிவுசெய்வது. உள்ளூர் வீதி, சந்தை, வடிகால், தெருவிளக்கு அதன் பொறுப்பு. பிரதேச செயலாளரும் கிராம அலுவலரும் நியமிக்கப்பட்டவர்கள். அரச காணி, நிவாரணம், பதிவு ஆகியவற்றுக்கு அவர்களிடம் போகவேண்டும். விதை, உரம், சிறுகுளங்கள் பற்றிய விடயங்களுக்குக் கமநல சேவை நிலையம் உண்டு.

இவற்றுக்கு மேலே மாகாண சபை, 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தத்தின் விளைவு. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், மக்கள் தெரிவுசெய்த சபை இல்லாமல் ஆளுநரின் கீழேயே பல ஆண்டுகள் நிர்வாகம் நடந்தது. தெரிவுசெய்யப்பட்டவரைக் கேள்வி கேட்க அடுத்த தேர்தல் உண்டு. நியமிக்கப்பட்டவரை எப்படிக் கேட்பது? அதற்குச் சட்டம் வேண்டும்.

உரிமையும் உபகாரமும்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு ஒரு கருவி. எமது காணிக் கோவை எந்த நிலையில் இருக்கிறது, வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் ஏன் இல்லை என்று எவரும் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைப் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் 126ஆம் உறுப்புரை தரும் கால அவகாசம் ஒரு மாதம் மட்டுமே. நாட்கள் ஓடிய பின் சட்டத்தரணியைத் தேடுவதில் பயன் குறைவு.

சட்டத்தில் எழுதியதெல்லாம் தானாக நடந்துவிடாது என்பதை எம்மைவிட அறிந்தவர்கள் எவர்? ஆயினும் உபகாரம் கேட்பவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டும். உரிமை கேட்பவர் நேரே நின்று கேட்கலாம். ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த அலுவலகம், எந்தத் திகதி, எந்தப் பதவியில் உள்ளவர், என்ன பதில் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். கொடுக்கும் கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை வைத்திருங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. எமது குடும்பத்திடம் உள்ள காணிப் பத்திரம் உறுதியா, அனுமதிப்பத்திரமா? யாருடைய பெயரில் உள்ளது?

2. எமது முகாமில் அல்லது கிராமத்தில் இன்று உள்ள மூன்று பிரச்சினைகளைச் சொல்லுங்கள். அவற்றுள் பிரதேச சபைக்கு உரியது எது? செயலகத்துக்கு உரியது எது?

3. எமது விவசாய அமைப்பில் தீர்மானிப்பவர், நடத்துபவர், பிணக்குத் தீர்ப்பவர் மூவரும் ஒருவரேயா? அப்படியானால் அதை எவ்வாறு மாற்றலாம்?