நெஞ்சுக்குள்ளே ஒரு பம்ப்செட்

மெக்கானிக்கல்காரருக்கு பம்ப் தெரியும். சிவில்காரருக்குக் குழாயும் வாய்க்காலும் தெரியும். எலெக்ட்ரிக்கல்காரருக்கு சீரிஸ், பேரலல் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு யந்திரம் நம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் ஓய்வில்லாமல் ஓடுகிறது. அதைத் தெரிந்துகொள்வது பரீட்சைக்காக அல்ல. நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் நாமும், நம் கீழே வேலை செய்பவரும் உயிரோடு வீடு திரும்புவதற்காக!

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டி இன்ஜின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் கொழுப்பும் எரிபொருள். அதை எரிக்கப் பிராணவாயு வேண்டும். வெளியே வரும் புகைதான் கரியமில வாயு. எரிபொருள் உடம்பில் சேமிப்பாக இருக்கிறது. ஒரு நாள் பட்டினி கிடந்தால் உயிர் போகாது. பிராணவாயுவுக்கோ ஸ்டோரேஜ் டேங்க் கிடையாது. சப்ளை நின்றால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை செல்கள் சாக ஆரம்பித்துவிடும்.

பாகூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு இந்த சப்ளை சுலபமாகப் புரியும். தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பி, பங்காரு வாய்க்கால் வழியாக பாகூர் ஏரிக்கு வருகிறது. பிறகு மதகு, கிளை வாய்க்கால் என்று பிரிந்து வயலுக்குப் பாய்கிறது. நடுவில் எங்கே அடைத்தாலும் கடைமடை காய்ந்துபோகும். உடம்பிலும் அதே கதைதான். பெருந்தமனி மெயின் வாய்க்கால், முடியை விட மெல்லிய தந்துகிகள் கடைசி வாய்க்கால், செல்தான் வயல்.

முதலில் நுரையீரல். அதற்குள் கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள் உள்ளன. அத்தனையையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஒரு நடுத்தர வீட்டின் தரை அளவு வரும்! காற்றறைக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவர் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதன் வழியே பிராணவாயு உள்ளே போகும், கரியமில வாயு வெளியே வரும்.

அடுத்து இதயம். இது ஒரு பம்ப் அல்ல. சீரிஸில் மாட்டிய இரண்டு பம்ப். வலது பக்கம் பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு மட்டும் தள்ளுவதால் அழுத்தம் குறைவு. இடது பக்கம் உச்சி முதல் பாதம் வரை தள்ளவேண்டும். ஆகவே அதன் சுவர் தடிமன். உறுப்புகளோ வீட்டு வயரிங் மாதிரி பேரலல் இணைப்பு. ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 5 லிட்டர், ஒரு நாளைக்கு 7,000 லிட்டருக்கு மேல். மொட்டைமாடியில் உள்ள ஆயிரம் லிட்டர் டேங்க் ஏழு!

மூன்றாவது இரத்தம். சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்தான் லாரி. ஒரு ஹீமோகுளோபின் நான்கு பிராணவாயு மூலக்கூறுகளை ஏற்றிக்கொண்டு போய் செல்லிடம் இறக்கும்.

இனிதான் முக்கிய விஷயம். இந்த லைன் மூன்று இடத்தில் சட்டென்று அறுந்துபோகலாம்.

ஒன்று, காற்றிலேயே பிராணவாயு குறைவது. சாதாரணக் காற்றில் 21 சதவீதம் உண்டு. பாழுங்கிணறு, நாள்பட மூடிய சம்ப் போன்ற இடங்களில் இது 10 சதவீதத்துக்கும் கீழே போனால் ஆள் மயங்கி விழுவார். இரண்டு, லாரியில் வேறு சரக்கு ஏறுவது. கிணற்றுக்குள் டீசல் இன்ஜின் ஓட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவை விட 200 மடங்குக்கு மேல் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று, சரக்கு வந்தும் செல் அதைப் பயன்படுத்த முடியாமல் போவது. சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு, செல்லுக்குள் இருக்கும் இன்ஜினையே நிறுத்திவிடும்.

இது எங்கோ நடப்பதல்ல. வில்லியனூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் போகும் வழியில்தான் ரெட்டியார்பாளையம். அங்கே புதுநகரில் 2024 ஜூன் 11-ந் தேதி, பாதாளச் சாக்கடை விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் புகுந்து, 15 வயது மாணவி உட்பட மூன்று பேர் இறந்தார்கள். இதயம் நன்றாக இருந்தது, நுரையீரல் நன்றாக இருந்தது. உள்ளே போன காற்றுதான் விஷம்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரியுமே என்கிறீர்களா? அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. மூக்கை நம்பாதீர்கள்!

ஆகவே நண்பர்களே, குழிக்குள் ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறும் காற்று சிலிண்டரும் உள்ள தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள், 108-க்கும் சொல்லுங்கள். வெளியே எடுத்த ஆள் மூச்சில்லாமல் இருந்தால் நல்ல காற்றில் மல்லாக்கப் படுக்கவைத்து, நடு நெஞ்சில் இரண்டு அங்குலம் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். நின்றுபோன பம்ப்புக்கு அப்போது நம் கைதான் ஸ்டார்ட்டர்!

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நாளைக்கு சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப்போவது நாம்தான். "சும்மா இறங்கு, அஞ்சு நிமிஷ வேலை" என்று யாராவது சொன்னால், அந்த ஐந்து நிமிடம் செல்லுக்கு எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியும். தைரியமாக 'வேண்டாம்' என்போம்!