துரை பங்களாவில் யார்?

பொழுது விடியும் முன்பே போடியிலும் கம்பத்திலும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள்தான் அவற்றில் பெரும்பாலும் இருப்பவர்கள். தேனிச் சீமையின் உழைப்பு இப்படி மேற்கு மலை ஏறத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. ஏறியவர்களுக்கு அங்கே எந்தப் படி வரை இடம் கிடைத்தது என்பதை மூணாறு தேயிலைத் தோட்டங்களின் வரலாறு சொல்கிறது.

பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877-இல் பெற்றவை கண்ணன் தேவன் மலைகள். 1897-இல் ஃபின்லே என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பொறுப்பில் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனில் ரோப்வே ஏறி, குரங்கணிக்குப் பக்கத்தில் கொட்டகுடியில் இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போனது. 1928-இல் போடிக்கு ரயிலும் வந்தது.

சரக்கு இறங்கிய அதே மலையில் ஆட்கள் ஏறினார்கள். கங்காணி ஆள் சேர்த்தார், கணக்கப்பிள்ளை பேர் போட்டார். அதற்கு மேலே சின்ன துரை என்ற உதவி மேனேஜர், பெரிய துரை என்ற மேனேஜர். அந்த இரண்டு நாற்காலிகளுக்கும் பிரிட்டனிலிருந்துதான் ஆள் வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் இந்த வழக்கத்தை டெல்லி கேள்வி கேட்டது. மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் உள்ள பதவிகளில் வெளிநாட்டவர் எத்தனை, இந்தியர் எத்தனை என்று அந்நியக் கம்பெனிகளிடம் 1950-களில் கணக்குக் கேட்டது. 1973-இல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பிடியை இறுக்கியது. 1964-இல் பிறந்த டாடா-ஃபின்லே கூட்டு நிறுவனத்தின் கைக்கு 1976-இல் தோட்டங்கள் வந்தன. 1983-இல் ஃபின்லே விலகிக்கொள்ள, அந்த நிறுவனம் டாடா டீ ஆனது.

வெள்ளைக்கார மேனேஜர்களின் காலம் முடிந்தது. அவர்கள் இடத்துக்கு வந்த இந்தியர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளில் படித்த, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பங்களாவின் வாசல் அப்போதும் தூரமாகவே இருந்தது.

நிர்வாக நாற்காலியில் யார் என்ற இதே கேள்வி கடல் கடந்தும் எழுந்தது. சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைக் கப்பல்துறையை 1968 டிசம்பரில் பிரிட்டன் பெயரளவுக்கு ஒரு டாலருக்கு ஒப்படைத்தது. தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை பார்த்த இடம் அது. ஆரம்ப ஆண்டுகளில் ஸ்வான் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் நிறுவனமே நிர்வகித்தது. பிறகுதான் பொறுப்பு சிங்கப்பூரர் கைக்கு வந்தது. கொடி ஒரே நாளில் மாறிவிடும். கப்பல் பழுதுபார்க்கவும் கணக்குப் பார்க்கவும் ஆட்களை உருவாக்க வருடங்கள் பிடிக்கும். அதற்குப் பணம் ஒதுக்கவும் மனம் வேண்டும்.

மூணாறில் அடுத்த திருப்பம் 2005-இல். டாடா டீ பெரும் பங்கைக் கைவிட, ஊழியர்களையே பங்குதாரர்களாகக் கொண்டு கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனி தொடங்கியது. 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். உலகத் தேயிலைத் தொழிலில் அபூர்வமான ஏற்பாடு.

ஆனால் 2015 செப்டம்பரில் அதே பங்குதாரர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு தெருக்களில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ், கூலி உயர்வு, நல்ல வீடு ஆகியவை அவர்கள் கேட்டவை. தொழிற்சங்கத் தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் தள்ளி நிறுத்திவிட்டுத் தாங்களே பேசி, போனஸ் கோரிக்கையை வென்றார்கள். ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று அந்தப் போராட்டம் பெயர் பெற்றது. பங்குப் பத்திரம் கையில் இருந்தும், கூலியையும் போனஸையும் முடிவுசெய்யும் மேஜையில் தங்கள் குரல் இல்லை என்பதை அந்தப் பெண்கள் நாட்டுக்கே காட்டினார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார இவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு தேவை. அது எட்டாத தூரத்தில் இல்லை. தேனி மாவட்டத்திலேயே, பெரியகுளத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. தேயிலை, காபி, ஏலம் எல்லாம் அங்கே பாடம். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கம்பெனிகள் கல்விக் கட்டணம் கட்டலாம். படிக்கும்போதே தோட்டத்தில் பயிற்சி தரலாம். உதவி மேனேஜர் பணியிடங்களில் ஒரு பங்கை அவர்களுக்கென்று ஒதுக்கலாம். தமிழ்நாடு, கேரளா இரண்டு அரசுகளும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடிய வேலை இது.