குளிர்ந்த தகடுதான் அதிக வெப்பம் தரும்

நம் ஊரில் நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்க வேண்டும் என்று யாரும் கவலைப்படுவதில்லை. அதை வெயில் பார்த்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நிலைமை வேறு. அங்கே வீட்டின் பின்புறத்தில் சொந்தக் குளம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மே மாதம் வந்துவிட்டால் அந்தத் தண்ணீரில் காலை நனைக்கவே தயக்கமாக இருக்கும். அதனால் பல வீடுகளின் கூரையில், வடக்கு நோக்கிய பக்கத்தில், பாய் விரித்ததுபோல் கருப்புத் தகடுகளைப் பார்க்கலாம். வடக்கு ஏன்? பெர்த் தென் அரைக்கோளத்தில் இருப்பதால் அங்கே நண்பகல் சூரியன் வடக்கு வானத்தில் நிற்கும்.

மின்சாரம் தயாரிக்கும் சூரியத் தகடு என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கும். குளத்தின் பம்பு தண்ணீரை வடிகட்டி வழியாகக் கூரைக்கு அனுப்புகிறது. அது வெயிலில் காய்ந்த குழாய்களுக்குள் ஓடி, மறுபடியும் குளத்தில் விழுகிறது. அவ்வளவுதான் அமைப்பு.

இப்போது ஒரு கேள்வி. தண்ணீர் திரும்பி வரும் இடத்தில் கையை வைத்துப் பார்க்கிறீர்கள். சூடாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், குளத்தைவிட 2 அல்லது 3 டிகிரிதான் அதிகம். வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டத்தைக் குறைக்கிறீர்கள். உடனே நன்றாகச் சூடான தண்ணீர் வருகிறது. குளம் சீக்கிரம் சூடாவது எப்போது, வேகமாக ஓடும்போதா, மெதுவாக ஓடும்போதா?

என் வகுப்பில் இதைக் கேட்டபோது பெரும்பாலான கைகள் 'மெதுவாக' என்பதற்குத்தான் உயர்ந்தன. வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்று தேர்வில் அழகாக எழுதும் மாணவர்களே இங்கே தடுமாறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் கை வெப்பநிலையைத்தான் உணர்கிறது. வெப்பத்தின் அளவு அதற்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். 48 கன மீட்டர், அதாவது 48,000 கிலோ தண்ணீர். 1 கிலோ தண்ணீரை 1 டிகிரி உயர்த்த 4,200 ஜூல் தேவை. ஆகவே முழுக் குளத்தையும் வெறும் 1 டிகிரி உயர்த்த சுமார் 20 கோடி ஜூல் வேண்டும். 2 கிலோவாட் மின்கெத்தலைக் குளத்துக்குள் போட்டால் 28 மணி நேரம் ஓட வேண்டும்! (தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.)

கூரையில் 20 சதுர மீட்டர் தகடு இருக்கிறது. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் விழும். அதில் 70 விழுக்காடு தண்ணீருக்குப் போகிறது என்று கொண்டால் 14 கிலோவாட். நிமிடத்துக்கு 75 லிட்டர் ஓடினால், ஒரு வினாடிக்கு 1.25 கிலோ. 14,000-ஐ 1.25 × 4,200-ஆல் வகுத்தால் 2.7 டிகிரி. கையில் பட்டும் படாமலும் தெரிந்த சூடு இதுதான்.

ஓட்டத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் தகட்டில் அதிக நேரம் தங்குகிறது, தகடும் சூடாகிறது. சூடான பொருள் சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பத்தை வேகமாக இழக்கும். தண்ணீர் 12 டிகிரி கூடுதலாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், 0.25 × 4,200 × 12 = 12,600 வாட். அதாவது 12.6 கிலோவாட். கைக்குச் சுடச்சுடத் தெரிந்தாலும் குளத்துக்குக் கிடைத்த வெப்பம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. காற்று வீசினால் இழப்பு இன்னும் கூடும். தகடு எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ, அவ்வளவு நல்லது.

நம் ஊர் மாடி வீடுகளின் கூரையில் இருக்கும் வெந்நீர்த் தகடுகளுக்குக் கண்ணாடி மூடி உண்டு. குளத் தகட்டுக்கு ஏன் இல்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். குளிக்கும் வெந்நீர் காற்றைவிட மிகச் சூடானது. கண்ணாடி அந்த வெப்பம் தப்பாமல் தடுக்கிறது. குளத் தகடோ காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கிறது. அங்கே கண்ணாடி போட்டால் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியதுதான் மிச்சம்.

குழாய் இணைப்பிலும் சூட்சுமம் உண்டு. தண்ணீர் தகட்டின் கீழ் மூலையில் நுழைந்து, எதிர்ப்புற மேல் மூலையில் வெளியேற வேண்டும். கீழிருந்து ஏறினால் உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளப்படும். மூலைவிட்டமாகப் போனால் எந்தக் குழாய் வழியாகச் சென்றாலும் ஏறக்குறைய ஒரே தூரம். ஒரே பக்கத்தில் நுழைவையும் வெளியேற்றத்தையும் வைத்தால், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் எல்லாரும் வாசலுக்குப் பக்கத்துக் கடையிலேயே கூடுவதுபோல், தண்ணீர் அருகிலுள்ள குழாய்களிலேயே ஓடும். தூரத்துக் குழாய்கள் வெயிலில் சும்மா காயும்.

பம்பு நின்றதும் கூரையில் உள்ள தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். அந்த இடத்துக்குக் காற்று வர வழி இல்லாவிட்டால்? பெட்டி மைலோவைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும்போது பெட்டி உள்ளே ஒடுங்குமே, அதேதான் மெல்லிய தகட்டுக்கும் நடக்கும். வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் அதை நசுக்கிவிடும். இதைத் தடுக்க, தண்ணீர் மேலே ஏறும் குழாயில் ஒரு சிறிய வால்வு வைப்பார்கள். பம்பு ஓடும்போது தண்ணீரின் அழுத்தம் அதை மூடி வைக்கும். பம்பு நின்றதும் அது திறந்து காற்றை உள்ளே விடும். குளிர்காலத்தில் உறைபனி விழும் கன்பரா போன்ற ஊர்களில் இதனால் இன்னொரு பயனும் உண்டு: காலியான குழாயில் உறைந்து விரிய எதுவும் இல்லை, எனவே குழாய் வெடிக்காது.

பம்பை எப்போது ஓட்டுவது என்பதை இரண்டு வெப்பநிலை உணரிகள் தீர்மானிக்கும். ஒன்று கூரையில், மற்றொன்று குளத்துத் தண்ணீர் வரும் குழாயில். கூரை சில டிகிரியாவது அதிகமாக இருந்தால்தான் வால்வு திரும்பித் தண்ணீர் மேலே போகும். மேகம் மூடினால் தண்ணீர் கூரைக்குப் போகாமல் நேரே குளத்துக்குத் திரும்பும்.

அமெரிக்காவின் அரிசோனா போன்ற வெப்பமான இடங்களில் இதையே தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். கோடையில் குளத்துத் தண்ணீர் மிகவும் சூடாகிவிடும். அப்போது இரவில் தண்ணீரைக் கூரைக்கு அனுப்புகிறார்கள். அதே கருப்புத் தகடு, அதே குழாய்கள். இம்முறை வெப்பம் தண்ணீரிலிருந்து இரவு வானத்துக்குப் போகிறது, காலையில் குளம் குளிர்ந்திருக்கும்.