பழைய மேசை விளக்கை உடனே செருகிப் பார்க்காதீர்கள்

வீட்டைத் துப்புரவாக்கும்போது பழைய மேசை விளக்கு அகப்பட்டால், எரிகிறதா பார்ப்போம் என்று செருகிவிடாதீர்கள். ஆண்டுக்கணக்காக உப்புக்காற்றில் கிடந்த வயரின் மேலுறை வெடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். 230 வோல்ட் மின்சாரம் விளக்கின் உடலில் ஏறினால், தொட்டவர் உயிருக்கே ஆபத்து.

விளக்கை எறியவும் வேண்டாம். அடியும் தண்டும் உறுதியாக இருந்தால் வயர், ஹோல்டர், பிளக் மூன்றையும் புதிதாகப் போட்டால் போதும். பழைய வயரை வெட்டி ரேப் சுற்றுவது மிச்சம் பிடிப்பதல்ல.

பித்தளை, இரும்பு விளக்குகளுக்கு மூன்று கம்பியுள்ள வயரே வேண்டும். கபில நிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல் கம்பி, பச்சை-மஞ்சள் புவிக்கம்பி. (பழைய வயர்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை.) புவிக்கம்பியை உலோக உடலில் இறுக்கிப் பூட்ட வேண்டும், உயிர்க்கம்பி ஆளி வழியாகப் போகவேண்டும். வீட்டு வயரிங்கிலேயே புவியிணைப்பு அறுந்திருந்தால் இந்த மூன்றாவது கம்பி உதவாது. ஆகவே அதை முதலில் சோதிப்பியுங்கள். சதுரக்கால் பிளக்கில் 13 அம்பியர் பியூசுக்குப் பதிலாக 3 அம்பியர் பியூஸ் போடுங்கள்.

வேலையை மின்வேலை பழகியவரிடமே கொடுங்கள். அயலவர் சேர்ந்து அழைத்தால் கூலி குறையும். நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் குறிகட்டுவானில் படகேறுமுன் யாழ்ப்பாணத்தில் வயரை மீற்றர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.